ஏழு மணி பஸ்ஸை நிராகரித்த கியூசி மாமா

சென்னையில் கியூசி மாமா அளவுக்குத் திட்டு வாங்கிய மனிதர் இன்னொருவர் கிடையாது. மந்தைவெளியிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும், கையில் போனும் மனசில் எழுதுகிற ஆசையும் இருந்த அத்தனை பேரும் அவரைத் திட்டினார்கள். அதில் பாதி நான் திட்டியது. மீதியைத்தான் ஊர் பங்கு போட்டுக்கொண்டது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு எழுதும் தளம் உண்டு. அதற்கு முதலாளி கிடையாது என்பதுதான் அதன் பெருமை. ஆபீஸ் கிடையாது, ஆசிரியர் கிடையாது. எழுதியதை யாராலும் அழிக்க முடியாது. எழுதியவனே நினைத்தாலும் முடியாது. உலகம் பூராவும் எத்தனையோ கம்ப்யூட்டர்களில் அதன் பிரதி உட்கார்ந்திருக்கும். "இங்கே எல்லோரும் சமம்" என்றார்கள். நம்பிப் போனேன். பத்திரிகையில் என் கட்டுரைகளை வெட்டிக்கொண்டிருந்த உதவி ஆசிரியர்கள் மேல் எனக்கிருந்த கடுப்பில், யார் எங்கே கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன்.

போன பிறகுதான் தெரிந்தது. முதலாளி இல்லை, ஆனால் எடை உண்டு. அந்தத் தளத்துக்கென்று ஒரு நாணயம். அது யாரிடம் நிறைய இருக்கிறதோ அவருடைய ஓட்டுக்கு எடை அதிகம். அவர் கட்டைவிரலை மேலே காட்டினால் உங்கள் எழுத்து முதல் பக்கத்துக்கு வரும். கீழே காட்டினால் சாம்பல் நிறமாகிவிடும். அழிக்க மாட்டார்கள். "இது மறைக்கப்பட்டுள்ளது, பார்க்க விரும்பினால் தட்டவும்" என்று எழுதி மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். எவன் மெனக்கெட்டுத் தட்டுவான்? அதற்கு அழித்தே தொலைத்திருக்கலாம்.

தமிழ்ப் பகுதியில் அந்த எடை முழுக்க ஒரே ஆளிடம் இருந்தது. மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஃப்ளாட்டில் குடியிருந்த ரிட்டயர்டு மனிதர். குக்கர் கேஸ்கட் செய்யும் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில், அதாவது கியூசியில், தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் சேர்ந்து, தலைமுடியே இல்லாத காலத்தில் வெளியே வந்தவர். அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தளத்தில் அவர் பெயர் கியூசி. எங்களுக்குக் கியூசி மாமா.

தளம் ஆரம்பித்த புதிதில் அவருடைய தங்கை மகன் ஒருவன் அந்த நாணயத்தைக் காட்டி, "சும்மா கொஞ்சம் வாங்கிப் போடுங்கோ மாமா" என்றிருக்கிறான். மாமா அதைக் கம்பெனி ஷேர் என்று நினைத்து வாங்கிவிட்டார். ஷேர் இல்லை என்று எத்தனை பேர் விளக்கியும் மண்டையில் ஏறவில்லை.

"பங்கு வெச்சுண்டிருக்கேன்னா பொறுப்பும் இருக்குன்னுதானே அர்த்தம்? வெளில போற சரக்கை நான் பாக்கலேன்னா வேற யார் பாப்பா?"

சரக்கு என்றால் நாங்கள் எழுதியது.

பெரிய எடை உள்ளவர்களை அந்தத் தளத்தில் திமிங்கலம் என்பார்கள். மாமாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

"வெங்காயமே யோசிச்சுத்தான் சாப்பிடறேன். என்னைப் போய் மீன்ங்கறான்!"

"மாமா, திமிங்கலம் மீன் இல்ல. குட்டி போட்டுப் பால் குடுக்கும்."

"அது இன்னும் மோசமாச்சே."

அவரோடு என் முதல் சண்டை பஜ்ஜியில் ஆரம்பித்தது. மாட வீதிப் பக்கம் ஒரு பஜ்ஜிக் கடையைப் பற்றி எழுதியிருந்தேன். "மாலையானால் வரிசை குளத்தைச் சுற்றி வளைந்து நிற்கும்" என்று ஒரு வரி. எழுத்தாளன் என்றால் அப்படித்தானே எழுதுவான்? மறுநாள் பார்த்தால் கட்டுரை சாம்பல். அடியில் ஒரு குறிப்பு: "ஆய்வு செய்யப்பட்டது. வரிசை குளத்தைச் சுற்றவில்லை. நிராகரிக்கப்படுகிறது. கியூசி."

கேஸ்கட்டுக்கு எழுதுவதுபோலவே எழுதியிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. விலாசம் விசாரித்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவரிடம், "பஜ்ஜிக் கடை கட்டுரை எழுதினவன் நான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஓ, வளைஞ்ச வரிசையா! உள்ள வாங்கோ, உள்ள வாங்கோ."

அவருக்கு மனிதர்களைப் பெயரால் தெரியாது. அவரவர் குறையால்தான் தெரியும். அன்றிலிருந்து நான் வளைஞ்ச வரிசை.

"என்னை நிராகரிக்க நீங்க யாரு சார்? உங்களை யாரு வெச்சா?"

"யாரும் வெக்கலே."

"அப்புறம்?"

"யாரும் வெக்கலேங்கறதாலதான் நான் பாக்கறேன். யாரையாவது வெச்சிருந்தா அவன் பாத்துண்டிருப்பானே."

நான் பஜ்ஜிக்கே திரும்பினேன். "பேச்சுக்கு எழுதறதுதான் சார்" என்றேன்.

"கேஸ்கட்டுல பேச்சுக்கு ஒரு வெடிப்பு இருந்தா என்ன ஆகும் தெரியுமோ?"

"பஜ்ஜி வெடிக்காது சார்."

"பஜ்ஜி வெடிக்காது. உங்க பேர் வெடிச்சுடும்."

சொல்லிவிட்டு அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு என்னைக் கடைக்கு இழுத்துப் போனார். அன்றைக்கும் வரிசை கிடையாது. கடைக்காரரும் இன்னொருவரும் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா எனக்கும் சேர்த்து வாழைக்காய் பஜ்ஜி வாங்கினார். மென்று முடித்துவிட்டு, "பஜ்ஜி ரொம்ப நன்னா இருக்கே. அதை எழுதியிருக்கலாமே" என்றார்.

வீட்டுக்கு வந்து கட்டுரையைத் திரும்பப் படித்தேன். பஜ்ஜி எப்படி இருந்தது என்று ஒரு வரி கூட இல்லை. அதற்காகவும் அவரை ஒரு வாரம் திட்டினேன்.

மற்ற தளங்களில் கண்காணிப்பவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்காணிப்பார்கள். மாமா போய்ப் பார்ப்பார். பஸ் பிடித்து, பையில் தண்ணீர் பாட்டிலோடு போய்ப் பார்ப்பார். ஆழ்வார்பேட்டையில் ஒரு அம்மாள் தன் மாடித் தோட்டத்துத் தக்காளியைப் படம் எடுத்துப் போட்டால், அடுத்த நாள் காலிங் பெல் அடிக்கும். "தக்காளியைப் பாக்கணுமே." ஒருவர் சிறுகதை எழுதினார். கதாநாயகி லஸ்ஸில் பஸ் ஏறி, அடையாறு பாலத்தில் கடலைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறாள். மாமா அதே வழியில் ஜன்னல் சீட்டில் போய்விட்டு வந்து எழுதினார்: "பாலத்தில் ஆறு தெரிகிறது. கடல் தெரியவில்லை. அழுகைக்குக் காரணம் இல்லை. நிராகரிக்கப்படுகிறது."

ரங்கநாதன் தெரு சமாசாரம்தான் உச்சம். தி.நகர்ப் பெண்மணி ஒருவர், "பண்டிகை நேரத்தில் அந்தத் தெருவில் கால் தரையில் படாது. கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டு போகும்" என்று எழுதினார். மாமா தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே போனார். கூட்டத்தின் நட்டநடுவில் நின்றார். இரண்டு காலையும் தூக்கினார்.

கூட்டம் விலகிக்கொண்டது. மாமா, ஹேர் கிளிப் விற்பவர் விரித்து வைத்திருந்த பிளாஸ்டிக் சாக்கின் மேல் போய் உட்கார்ந்தார்.

"யோவ்! இன்னாய்யா பண்ற?"

"ஆய்வு."

"ஆய்வா? கிளிப்பு மேல குந்திகினு ஆய்வாம்! ஏந்துருய்யா மொதல்ல!"

வேட்டியில் ஒரு சிவப்பு கிளிப் கவ்விக்கொண்டிருக்க, பஸ்ஸில் அப்படியே வீடு வந்து சேர்ந்தார். அன்றே தீர்ப்பும் வந்தது: "இரு கால்களும் தூக்கப்பட்டன. கூட்டம் தாங்கவில்லை."

சிரிக்கலாம். ஆனால் இதனால் எங்கள் எழுத்தே மாறிப்போனது. 'அலைமோதும் கூட்டம்' என்று எழுதினவன் 'சுமாரான கூட்டம்' என்று எழுத ஆரம்பித்தான். பட்டினப்பாக்கம் கடற்கரைச் சூரிய உதயத்தை ஒருவர் இப்படி வர்ணித்தார்: "மேகம் இருந்தது. பிறகு விலகியது. சூரியன் தெரிந்தது." மாமா கட்டைவிரலை மேலே காட்டினார். அந்த வாரம் முதல் பக்கத்தில் அதுதான். தமிழைக் கொன்றுவிட்டார் என்று நான் கத்தினேன். முதலாளி இல்லாத இடம், முதலாளி இல்லாத இடம் என்று சொல்லிச் சொல்லி, மயிலாப்பூரில் ஒரு வழுக்கைத் தலைக்கு எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். வெட்கக்கேடு.

அவருக்குப் பயப்படாதவன் ஒரே ஆள், அடையாறு குமார். இன்சூரன்ஸ் ஏஜென்ட். தினமும் ஒரு ரோஜாப்பூ படம், மேலே 'இனிய காலை வணக்கம்'. இவன் கூட்டாளிகள் இவனுக்கு ஓட்டுப் போடுவார்கள், இவன் அவர்களுக்குப் போடுவான். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற கணக்கு. மாமா இவர்களுக்காகவே ஒரு விதி போட்டார்: "ஒரே சரக்கை மீண்டும் மீண்டும் வைத்தால் நிராகரிக்கப்படும். போய்ப் பார்க்கத் தேவையில்லை." ரோஜாவை எங்கே போய்ப் பார்ப்பது? ரோஜாக்கள் எல்லாம் சாம்பலாயின. குமார் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

அப்போதுதான் சித்ரா வந்தாள். ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவள். குடிசைகளை எடுத்துவிட்டு அவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வீடு போன இடத்துக்கு வேலை போகவில்லை. அது தி.நகரில் ஒரு புடவைக் கடையிலேயே இருந்தது. காலை ஏழு மணி பஸ் வந்தால் நேரத்துக்குக் கடைக்குப் போகலாம். அது பெரும்பாலும் வராது. கடை சூப்பர்வைசர் நம்பவில்லை. "தினம் ஒரு பஸ் கதையா? இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆள வெச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டார். இந்தத் தளத்தில் எழுதியதை எவனும் அழிக்க முடியாது, தேதியையும் திருத்த முடியாது என்று யாரோ சித்ராவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் போனில் பேசிப் பேசியே பதிவு போட ஆரம்பித்தாள்.

"இன்னிக்கும் ஏழு மணி பஸ் வரல. ஷேர் ஆட்டோல தொங்கிகினு வந்தேன்."

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. குமார் உடனே மாமாவுக்கு எழுதினான்: "மாமா, ஒரே சரக்கு. உங்க விதி. எனக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணா?"

மாமா பார்த்தார். ஒரே சரக்குதான். விதி விதிதான். உட்கார்ந்த இடத்திலிருந்து அத்தனை பதிவையும் சாம்பலாக்கிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வேறு ஏதோ விஷயத்துக்குச் சண்டை போட மாமா வீட்டில் இருந்தேன். காலிங் பெல் அடித்தது. வாசலில் சித்ரா.

"இங்க கியூசின்றது யாரு?"

"நான்தாம்மா. நீ யாரு?"

"ஏழு மணி பஸ்ஸு."

மாமா முகம் மலர்ந்தது. "ஓ, ஒரே சரக்கா! வா, வா, உக்காரு."

"இன்னா வா? குந்தறதுக்கா வந்தேன்? சூப்பர்வைசராண்ட போன நீட்டறேன், 'மறைக்கப்பட்டுள்ளது'ன்னு வருது. 'பாத்தியா, கம்ப்யூட்டரே சொல்லுது நீ பொய்யின்னு'ன்றான். எனக்கு வேல பூடும் பெருசு. நான் பொய் சொன்னத நீ பாத்தியா?"

"பொய்னு நான் சொல்லலேம்மா. ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரதேன்னுதான்..."

"தெனம் பஸ் வரலன்னா தெனம் அதானே எய்த முடியும்? வராத பஸ்ஸுல இன்னா புதுசு புதுசா டிசைன் காட்டச் சொல்ற?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை.

"எத்தினி கடைக்குப் போன, எத்தினி பஜ்ஜிக்குப் போன. எங்க ஊட்டாண்ட வர மட்டும் கசக்குதா? சொல்லு. வந்து பாத்தியா, பாக்கலியா?"

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "பாக்கலே" என்றார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாக்காம முத்திரை குத்திட்டேண்டா. அத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு கேஸ்கட்டைப் பாக்காம குத்தினதில்லே."

"உடனே மாத்துங்க மாமா" என்றேன். போனை எடுத்துத் தட்டினார், மறுபடி தட்டினார். குறிப்பிட்ட நாள் தாண்டிவிட்டால் போட்ட ஓட்டைத் திரும்ப எடுக்கத் தளம் விடாது.

"கஸ்டமர் கேர் நம்பர் பாரு."

"முதலாளியே இல்லாத எடத்துல கஸ்டமர் கேர் எங்க மாமா இருக்கும்?"

"அப்ப நான் தப்புப் பண்ணினா யார்ட்ட சொல்றது?"

"யார்ட்டயும் இல்ல. இதத்தான நான் இத்தனை நாளா கத்திக்கிட்டிருக்கேன்?"

அவர் எழுந்து கூடத்தில் நடக்க ஆரம்பித்தார். சமையலறை வரைக்கும் போனார், வந்தார், பால்கனிக்குப் போனார், வந்தார். சித்ரா கொண்டுவந்த கோபம் ஆறி, "பெருசு, தல சுத்துது, குந்து" என்று சொல்லும்வரை நடந்தார்.

"நாளைக்குக் கார்த்தால நான் அங்க வரேன்" என்றார்.

"எப்புடி வருவ? பஸ்ஸுதான் கெடையாதே" என்றாள் சித்ரா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் ஸ்கூட்டரில்தான் போனோம். விடிகிற நேரத்தில், பின் சீட்டில் மடக்கு ஸ்டூலும் மாமாவும். வழி முழுக்க, "ஸ்பீடா போகாதேடா", "ஏண்டா இவ்வளவு மெதுவாப் போறே" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஸ்டாப்பில் ஒரு பெரிய பெண்கள் கூட்டமே நின்றது. வீட்டு வேலைக்கு, கடைக்கு, ஆஸ்பத்திரி துப்புரவுக்கு. மாமா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் வரவில்லை. எனக்குக் கால் கடுத்தது. "போதும் மாமா, பாத்தாச்சு" என்றேன். "ஒரு சாம்பிள் போறாது" என்றார். பெண்கள் ஷேர் ஆட்டோவில் அடைந்துகொண்டபோது தானும் போய் ஏறினார். ஒரு தடித்த அம்மாவுக்கும் ஒரு தூக்குவாளிக்கும் நடுவில் சொருகப்பட்டார். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். தி.நகரில் இறங்கியவர் சட்டை கசங்கி, கண் பளபளக்கச் சொன்னார்: "கால் தரைல படவே இல்லேடா! அந்த மாமி ரங்கநாதன் தெருன்னு தப்பா எழுதிட்டா."

தினமும் போனோம். மூன்றாம் நாளே நான் அவரைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். பெண்கள் அவருக்கு இட்லி கொண்டுவர ஆரம்பித்தார்கள். மாமா தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தளத்தில் தானே பதிவு எழுதினார். "இன்று வரவில்லை. நேரில் பார்த்தேன். கியூசி." மறுநாளும் அதே. குமார் குதித்தான். "ஒரே சரக்கு! ஒரே சரக்கு!" மாமா பதில் எழுதினார்: "விதி தவறு. விதி நிராகரிக்கப்படுகிறது."

அந்த வாரத்தில் ஒரு நாள் பஸ் வந்துவிட்டது. அதுவும் நேரத்துக்கு. பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மாமா ஸ்டூலோடு எழுந்து, "இருங்கோ, இருங்கோ, மணியைக் குறிச்சுக்கறேன்!" என்று கத்தினார். அப்புறம் எழுதினார்: "இன்று வந்தது."

சித்ரா அன்று சாயங்காலம் கடை முடிந்து நேரே மயிலாப்பூர் வந்துவிட்டாள்.

"யோவ் பெருசு, நீ எந்தப் பக்கம்? வந்த ஒரு நாள எதுக்கு எய்தின? இத்தக் காட்டியே என்னிய தொரத்துவான் அவன்!"

"வந்ததை எழுதலேன்னா, வராததை எவனும் நம்பமாட்டாம்மா."

"உன் நாயம் உன்கூட. வேல போறது என்து."

மாமா மறுபடி கூடத்தில் நடக்க ஆரம்பித்தார். அன்று அவர் நடந்த நடையில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாசக் கடைசி நாள் மாமாவே கடைக்குப் போனார். நானும் போனேன், அடிதடி என்றால் பிடித்துக்கொள்ள. பட்டுப்புடவை மலைக்கு நடுவில் நின்று சூப்பர்வைசரிடம் போனை நீட்டினார். அந்த ஆள் வேண்டாவெறுப்பாகத் தள்ளிக்கொண்டே வந்தார். வரவில்லை, வரவில்லை, வரவில்லை. 'இன்று வந்தது' என்ற இடத்தில் விரல் நின்றது. கம்ப்யூட்டரில் சித்ரா அன்றைக்கு வந்த நேரத்தைப் பார்த்தார். நேரத்துக்கு வந்திருந்தாள். அந்தக் குடியிருப்பிலிருந்து வரும் எல்லோருமே அன்று நேரத்துக்கு வந்திருந்தார்கள்.

"நீங்க யாரு சார், பஸ் டிப்போவா?" என்றார்.

"இல்லே. கேஸ்கட்."

சித்ராவின் வேலை தப்பியது. அந்தப் பெண்களுக்கு ஷிப்டை அரை மணி தள்ளி வைத்தார்கள். பஸ் அதற்குப் பிறகும் இஷ்டத்துக்குத்தான் வந்தது. அது வேறு சண்டை.

மாமா செய்த அடுத்த வேலையைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. தன் ஓட்டின் எடை முழுவதையும் சித்ராவின் பெயருக்கு மாற்றிவிட்டார். தளத்தில் அதற்கு வழி உண்டு. காரணம் என்று ஒரே வரி எழுதினார்: "பார்க்காமல் குத்தியவன் கையில் முத்திரை இருக்கக் கூடாது." எடை போனதும் குமார் கூட்டம் ஒன்றுசேர்ந்து மாமாவைச் சாம்பலாக்கியது. அன்றிலிருந்து அவர் எங்கே என்ன எழுதினாலும் மூலையில் மறைந்துதான் கிடக்கும்.

புதிய திமிங்கலம் முதல் ஓட்டை யாருக்குப் போட்டாள் தெரியுமா? குமாரின் ரோஜாவுக்கு. மேலே.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா! அவனுக்கா?"

"காலைல ஒரு பூவக் காட்டுறான் நைனா. அதுல இன்னா பொய் கீது?"

குமாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த நாள் ரோஜாவுக்குக் கீழே, எந்தத் தெருவில் எந்த வீட்டுச் செடியில் எடுத்தது என்று எழுதினான். யாரும் கேட்கவில்லை. தானாகவே எழுதினான்.

மாமா இப்போது ஆதம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் மடங்குவதில்லையாம், தனியாக வெளியே விடுவதில்லையாம். நான் தளத்தில் எது எழுதினாலும் அடியில் ஒரு சாம்பல் கட்டம் வரும். தட்டிப் பார்ப்பேன். "நேரில் பார்க்க இயலவில்லை. ஆனாலும் நம்பவில்லை. கியூசி." கொஞ்ச நாளாக அந்தக் கட்டமும் வரவில்லை. காலையில் போனை எடுத்து எடுத்துப் பார்த்து வைக்கிறேன்.

அவர் மகள் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். அதனால்தான் இதை இங்கே எழுதினேன். முதல் பத்தியில் திட்டுக்குப் பாதிக் கணக்கு எழுதியிருக்கிறேனே, அது சுத்தப் பொய். யாரும் எண்ணவில்லை. நடுவிலும் இரண்டொரு இடத்தில் வரிசையை நன்றாகவே வளைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு அவரால் சும்மா இருக்க முடியாது. ஆட்டோ பிடித்தாவது ஆழ்வார்பேட்டையில் என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி, "வளைஞ்ச வரிசை இருக்காரா?" என்று கேட்டே ஆக வேண்டும். காபிக்குப் பால் வாங்கி வைத்திருக்கிறேன்.